ஏழு வருடக் கறுப்பு

பெனிட்டா கறுப்பைக் கழற்ற வேண்டிய நாளை அவள் ஊரே குறித்து வைத்திருந்தது. 2010 செப்டம்பர் பதினைந்து, வியாகுல மாதா திருநாள். அன்று காலைப் பூசை முடிந்ததும், ஏழு வருடமாக உடுத்தி வந்த கறுப்பைக் கழற்றி மாதாவின் சின்னக் குகைக் கோவிலான கெபியில் வைத்துவிட்டு, அம்மா எடுத்துக் கொடுத்த கிளிப்பச்சைச் சேலையில் அவள் வெளியே வரவேண்டும். நேர்ச்சை நிறைவேறியது என்று மைக்கில் சொல்வார்கள். பிறகு எல்லோருக்கும் சாப்பாடு.

இதில் ஒரே ஒரு சிக்கல்தான். அப்படி ஒரு நேர்ச்சையே கிடையாது. அது பெனிட்டாவுக்குத் தெரியும், அவளைப் பெற்ற வியாகுலமேரிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நாங்கள் மூவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் விஜி. சின்னமனூர்க் கடைவீதியில் எனக்கும் பெனிட்டாவுக்கும் சேர்ந்து ஒரு தையல் கடை. எனக்குச் சின்னமனூரே சொந்த ஊர். அவளுக்கு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, தேவாலயத்தைச் சுற்றி வீடுகள் கட்டிய ஒரு கிறிஸ்தவ ஊர். பேர் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கடைக்கே வந்து சண்டை பிடிப்பார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்களிடம் துணி தைக்கிறவர்கள் வேறு.

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிளஸ் டூ முடித்ததும் 2001இல் இரண்டு பேரும் திருப்பூருக்கு ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனோம். என்னைக் கைப்பகுதி தைக்கிற மெஷினில் உட்கார வைத்தார்கள். அவளை லேபிள் தைக்கிற மேஜைக்கு அனுப்பினார்கள். அங்கேதான் அவளுக்கு எல்லாம் ஆரம்பித்தது.

சீமைக்குப் போகிற ஆர்டர் ஒன்று வந்தது. கணுக்கால் வரைக்கும் நீளமான கறுப்பு உடுப்பு, கைநுனியில் கறுப்பு லேஸ். மூன்று கடைகள் கேட்டிருந்தன. துணி ஒன்று, அளவு ஒன்று, தையல் ஒன்று. கழுத்துக்குள் வைக்கிற லேபிள் மட்டும் வேறு. ஒரு கடையின் லேபிளில் வௌவால் படம், அது கோத் பிள்ளைகளுக்கு. இன்னொன்றில் மண்டையோடு, அது மெட்டல் பிள்ளைகளுக்கு. மூன்றாவதில் கிழிந்த இதயம், அது ஈமோ பிள்ளைகளுக்கு. இதெல்லாம் என்ன என்று சூப்பர்வைசருக்கே தெரியாது. பெட்டியில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னார்.

ஒரு நாள் பெனிட்டா தூக்கக் கலக்கத்தில் வௌவால் போகவேண்டிய இருநூறு உடுப்புகளில் மண்டையோட்டைத் தைத்துவிட்டாள். பெட்டி ஏறிப் போன பிறகுதான் பார்த்தாள். எந்நேரமும் வேலை போய்விடும் என்று ஒரு மாதம் பயந்து பயந்து சோறு தின்றாள். சீமையிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. அந்த இருநூறு பேரும் போட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் திரிந்திருக்க வேண்டும்.

அந்த ஆர்டரில் கழித்துப் போட்ட உடுப்பு ஒன்றை, லேஸ் ஒரு பக்கம் கோணலாகப் போனது, அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஹாஸ்டலில் கை கழுவுகிற இடத்தில் ஒரு ரசம் போன கண்ணாடி உண்டு. அதன் முன்னால் போட்டுக்கொண்டு நின்றாள். கண்ணுக்கு மையை எடுத்துத் தடிமனாக இழுத்தாள். நான் சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"இதப் போட்டா உள்ளுக்குள்ள சத்தமில்லாம இருக்குடி விஜி," என்றாள்.

எனக்கு மஞ்சளும் ரோஸும் இல்லாவிட்டால் தீபாவளியே இல்லை. அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் புரிந்தது.

2003 செப்டம்பரில் அவள் அப்பா அமிர்தராஜுக்குக் குடலில் ஆபரேஷன் என்று செய்தி வந்தது. இரண்டு பேரும் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தோம். மாற்றுத்துணி எடுக்கக்கூட நேரமில்லை; அவள் உடம்பில் அந்தக் கறுப்பு உடுப்புதான். ஊருக்குள் நுழைகிற இடத்தில் தண்ணீர்க் குழாய். அங்கே ஏழெட்டுப் பொம்பளைகள் குடத்தோடு நின்றார்கள்.

"ஏத்தா, அப்பன் ஆசுபத்திரியில உசுரோட கெடக்காக. அதுக்குள்ள கறுப்பு உடுத்தி வந்து நிக்கிறியே, வெளங்குமா?" என்று பஞ்சம்மாள் என்கிற அக்கா கேட்டாள். அதற்கு மேலும் கேட்டார்கள். அதையெல்லாம் எழுதினால் எனக்கு மறுபடியும் கோபம் வரும்.

மகளைக் கூட்டிப்போக வந்திருந்த வியாகுலமேரி அத்தை குழாயடியில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் மாதா சபைத் தலைவி. தெருவில் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தால் அவர் குரலுக்குப் பின்னால்தான் மற்றவர்கள் குரல் வரும். மகளை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கும் அந்த உடுப்பு பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தன் பிள்ளையைத் தான் திட்டலாம், குழாயடி திட்டக்கூடாது.

"என்னத்தடி கண்டீக? அது நேர்ச்சை," என்றார். "அவுக அய்யா பொழைக்கணும்னு வியாகுல மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டு கறுப்பு உடுத்தி வந்திருக்கு எம் மக."

குழாயடி கப்சிப் என்று ஆகிவிட்டது. அந்த ஊர்க் கெபியில் இருக்கிற மாதா தலையோடு கறுப்பு முக்காடு போட்ட மாதா. நெஞ்சில் ஏழு வாள். அந்த மாதாவுக்குக் கறுப்பு நேர்வது யாருக்கும் தப்பாகப் படவில்லை. பஞ்சம்மாள் அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, பெனிட்டாவின் உடுப்பு ஓரத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள். என் தோழி முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தன நாளைக்கு நேர்ந்திருக்கு?" என்று ஒரு குரல்.

அத்தை யோசிக்கவேயில்லை. "ஏழு வியாகுலம். ஏழு வருசம்."

ஏழு வருடம் கழித்து யார் இருக்கப்போகிறார்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துச் சொன்னதாக எங்களிடம் பிறகு ஒத்துக்கொண்டார். ஊர் எண்ணிக்கொண்டே வரும் என்பதை அவர் மறந்துவிட்டார்.

அமிர்தராஜ் மாமா நல்லபடியாக எழுந்து வந்தார். மறுபடி திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போனார். ஊருக்கு அதுவே சாட்சி ஆகிவிட்டது. பெனிட்டா திருப்பூருக்குத் திரும்பவில்லை, நானும் போகவில்லை. 2004 தை மாதம் கடை போட்டோம்.

இப்போது சொல்கிறேன், அவளைப்போல ஒரு டைலர் எங்கள் பக்கத்தில் கிடையாது. எனக்கெல்லாம் கறுப்பு என்றால் கறுப்பு. அவள் துணியை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்து, "இது நீலத்துல சாயுது, இது செம்மண்ணுல சாயுது, இது நாளைக்கு வெளுத்தா பச்சை அடிக்கும்" என்பாள். நூல்கண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சேரும் நூலைத்தான் கோப்பாள். சாயம் போகிற துணி என்றால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசிய பிறகுதான் கத்தரி வைப்பாள். கறுப்புத் துணி என்றால் சின்னமனூரில் எங்கள் கடை என்று பேர் வந்துவிட்டது.

கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக் குமுளி வழியாக மலைக்குப் போகிற சாமிமார் கூட்டம். கறுப்புச் சட்டை, இருமுடிப் பை என்று வாசலில் வரிசை நிற்கும். வெளியூர்ச் சாமிகள் வேனை நிறுத்தி இறங்கி, முதுகு காட்டி நிற்கிற பெனிட்டாவைப் பார்த்து, "சாமி, டீக்கடை எங்கே இருக்கு?" என்பார்கள். அவள் மைக்கண்ணோடு திரும்பிப் பார்ப்பாள். "சரணம், சரணம்" என்று இரண்டு எட்டு பின்னால் போவார்கள். நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்து சிரித்துக்கொள்வேன்.

இன்னொரு பக்கம் பிச்சைமணி அண்ணாச்சி. மின்சார வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், சாமி இல்லை என்று சொல்கிறவர், இளவட்டத்திலிருந்து கறுப்புச் சட்டைதான். முதல் தடவை பெனிட்டாவைப் பார்த்ததும், "இந்த வயசுல இம்புட்டுத் தெளிவா ஒரு பொம்பளப் பிள்ளையா!" என்று பூரித்துப் போனார். அவள் கழுத்துச் சிலுவையைப் பார்த்ததும் குழம்பினார். நேர்ச்சை என்று யாரோ சொல்லிவிட, அவருக்கு ஆறவேயில்லை. சட்டை வாங்க வரும்போதெல்லாம், "நூலப் பாத்துக் கோக்கத் தெரியுது, யோசிக்கத் தெரியலயே ஆத்தா" என்று புலம்புவார். அவள் அளவு நாடாவை அவர் தோளில் போட்டபடி பேசாமல் சிரிப்பாள். ஒரு கார்த்திகையில் குருசாமி ஒருவரும் பிச்சைமணி அண்ணாச்சியும் ஒரே நேரத்தில் கடைக்குள் இருந்தார்கள். இரண்டு பேரும் கறுப்பு, நடுவில் அவளும் கறுப்பு. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

2006 வாக்கில் எங்கள் கடைக்கு மாடியில் பிரவுசிங் சென்டர் வந்தது. மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் அவள் மேலே போய் உட்காருவாள். திருப்பூரில் பெட்டிமேல் படித்த அந்த மூன்று பெயர்களையும் தட்டிப் பார்த்தாள். உலகம் பூராவும் அந்தப் பேர்களில் கூட்டம் கூட்டமாக ஆள் இருந்தார்கள். ஒரு கோத் கூட்டத்தில் சேர்ந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தன்னைப் பற்றி நாலு வரி எழுதினாள். கறுப்பு உடுத்துவேன், மை தீட்டுவேன் என்று. எந்த மியூசிக் பேண்டின் பாட்டுக் கேட்பாய் என்று கேட்டார்கள். அவளுக்கு ஒரு பேண்டும் தெரியாது. பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்க் கோவிலில் பொம்பளைகள் பாடுகிற புலம்பல் எனக்குப் பிடிக்கும் என்று எழுதினாள். அது கோத் இல்லை என்றான் ஒருவன். அதுதான் அசல் கோத் என்றாள் ஒருத்தி. மூன்று நாள் அவர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். அவளை அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சேத்துக்கிட்டாகளா இல்லையா?" என்று கேட்டேன்.

"தெரியலடி. சண்ட இன்னும் முடியல."

அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தன்னைப்போல ஆள் இருக்கிறது என்று ஆசையாகப் போனாள் இல்லையா? எனக்குத்தான் எரிச்சல் வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஒரே சாதிக்குள் நாலு பிரிவு, ஒரு பிரிவில் எட்டு வகையறா. பொண்ணு கொடுக்கும்போது எவன் எந்த வகையறா என்று ராத்திரி பகலாகப் பேசுவார்கள். சீமைக்காரனும் சட்டையை வைத்துக்கொண்டு அதையேதான் செய்கிறான் என்று தெரிந்து எனக்கு அலுத்துப் போனது.

2008 மே மாதம் அந்த மாதிரிக் கூட்டத்தில் சிலபேர் நேரிலேயே வந்தார்கள். பெங்களூரிலிருந்து மேகமலைக்குப் போகிற நாலு பேர். ஜீப் கதவில் மாட்டி ஒருத்தியின் பாவாடை ஒரு முழம் கிழிந்துவிட, எங்கள் கடை வாசலில் நிறுத்தினார்கள். நாலு பேரும் கறுப்பு. கிழிந்த பாவாடைக்காரிக்குத் தலைமுடியில் ஒரு கொத்து மட்டும் ரோஸ். தமிழ் தெரிந்தவன் ஒருவன், பேர் தமிழ்மாறன், பெற்றோருக்கு ஊர் கடமலைக்குண்டாம், இவன் வளர்ந்தது பெங்களூர்.

கடைக்குள் தங்களைப்போலவே ஒருத்தி மெஷின் மிதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நாலு பேரும் அசந்துபோனார்கள்.

"அக்கா, நீங்க கோத்தா?" என்றான் தமிழ்மாறன்.

"அப்படின்னா என்னப்பா? நீயே சொல்லு," என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அவன் விரல் விட்டுச் சொன்னான். கோத் என்றால் சோகத்தை அழகாகப் பார்க்கிறவர்கள், லேஸ், பழைய காலத்து உடுப்பு. மெட்டல் என்றால் பெரிய சத்தம், நீளமுடி. பங்க் என்றால் ஊக்கும் சண்டையும். ஈமோ என்றால் ஒரு கண்ணை முடியால் மூடிக்கொண்டு காதலுக்காக அழுகிறவர்கள். தான் மெட்டல் என்றும் ரோஸ்முடிக்காரி ஈமோ என்றும் சொன்னான். அவளுக்கு என்ன புரிந்ததோ, தான் ஈமோ இல்லை என்று ஆங்கிலத்தில் கத்தினாள். மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் கடையே சந்தைக்கடை ஆகிவிட்டது.

பெனிட்டா பாவாடையின் கிழிசலைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டு, நிதானமாகத் திருப்பூர்க் கதையைச் சொன்னாள். ஒரே உடுப்பு, மூன்று லேபிள். மாற்றித் தைத்த இருநூறு. வராத புகார்.

தமிழ்மாறன் விழுந்து விழுந்து சிரித்தான். ரோஸ்முடிக்காரிக்கு அவன் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. தன் சட்டைக் கழுத்தைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள்.

"சரிக்கா, அப்ப நீங்க யாரு?" என்றான் அவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நான் டைலர்," என்றாள்.

போகும்போது எட்டுப் பாட்டு இருக்கிற ஒரு சீடி கொடுத்துவிட்டுப் போனான். தைக்கும்போது போட்டுக் கேட்டாள். எனக்கு அதைவிட மெஷின் சத்தம் மேல். அவளுக்கு அதில் இரண்டு பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. மற்ற ஆறையும் தாண்டித் தாண்டி விடுவாள். கேட்டபடியே அவள் தைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். எதற்கும் அவசரப்படாத சந்தோஷம் அவளுடையது. நேர்ச்சைப் பிள்ளை என்று ஊர் மரியாதை செய்தது, அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை பேசி வந்தவர்களிடம் அத்தை, "நேர்ச்சை முடியட்டும்" என்பார். அதுவும் அவளுக்கு வசதியாகப் போனது.

வசதி எல்லாம் 2010 வரைக்கும்தான். பங்குனியிலிருந்தே ஊர் பேச ஆரம்பித்துவிட்டது. மாதா சபைப் பெண்கள் அரிசி பருப்புப் பொறுப்பைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தேவாலயத்துக்குப் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார், ஏழு வருட நேர்ச்சையைத் தான் எங்கும் கேள்விப்பட்டதில்லை என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்.

"உண்மையச் சொல்லிரு," என்றேன்.

"சொன்னா அம்மா பேரு என்னடி ஆகும்? அவுக சொல்லுற ஜெபமாலைக்குப் பதில் சொல்லுறவுக எல்லாம் நாளைக்கு என்ன நெனப்பாக?"

"அப்ப கறுப்ப விட்டுருவியா?"

பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த ஊசியை அவள் நிறுத்தவில்லை.

ஆகஸ்டு கடைசியில் அத்தை கிளிப்பச்சைச் சேலையோடு கடைக்கு வந்தார். அதற்குப் பொருத்தமாக ரவிக்கை தைக்கவேண்டும். பெனிட்டா வாங்கிப் பிரித்தாள். தன் அளவைத் தானே எடுத்தாள். பிறகு பச்சை நூல் பெட்டியைத் திறந்து வாசலில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துணிமேல் வைத்துப் பார்த்தாள். ஒன்றை எடுப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள். கறுப்பில் ஆறு கறுப்பைக் கண்டுபிடிக்கிறவளுக்குப் பச்சை நூல் ஒன்று எடுக்க வரவில்லை. அத்தை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நான்தான் போய் நூலைப் பிடுங்கினேன். "நான் தைக்கேன், தள்ளு" என்று கோபமாகத்தான் சொன்னேன். அழுகை வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

அத்தை என் பக்கம் திரும்பி, "ஏம்மா விஜி, இவ எதுக்குத்தேன் கறுப்பு போடுறா? ஏழு வருசமா நான் கேக்கவே இல்ல," என்றார்.

"எங்கிட்ட ஏன் கேக்கீக? ஒங்க மக இந்தா இங்கனதான நிக்குது."

அத்தை மகளைப் பார்த்தார்.

"பிடிச்சிருக்கும்மா," என்றாள் பெனிட்டா.

"பிடிச்சிருக்குன்னா?"

"பிடிச்சிருக்கு. அம்புட்டுத்தேன்."

"அம்புட்டுத்தேனா? அதுக்கா நான் ஏழு வருசம் பொய்ய சொமந்தேன்?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஏனோ சிரித்துவிட்டார். மகளும் சிரித்தாள். ஆனால் போகும்போது, "பதினஞ்சாந் தேதிக்கு ரவிக்க தயாராயிரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பதினைந்தாம் தேதி காலையில் நானும் போனேன். கெபி முன்னால் பந்தல். பக்கத்தில் அண்டா அண்டாவாகச் சோறு வெந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே, கோவில் மண்ணை மிதிக்காமல், பிச்சைமணி அண்ணாச்சி நின்றார். ஒரு பிள்ளை மூடத்தனத்திலிருந்து விடுபடுவதைப் பார்க்க வந்தாராம்.

அந்த ஊரில் நேர்ச்சை முடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஓலைத் தட்டிக்குப் பின்னால் போய் நேர்ச்சை உடுப்பைக் கழற்றிப் புதுத்துணி மாற்றிக்கொள்ள வேண்டும். கழற்றியதைத் தாம்பாளத்தில் மடித்து வைத்து மாதா முன்னால் நிற்க வேண்டும். அப்புறம் வீட்டில் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, மாதாவைப் பார்த்து, என்ன கேட்டோம், என்ன கிடைத்தது என்று சாட்சி சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சாமியார் தாம்பாளத்தை வாங்கிக்கொள்வார்.

பெனிட்டா தட்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள். கிளிப்பச்சை. கண்ணில் மை இல்லை. என் கைத்தையல் அவளுக்கு நன்றாகவே உட்கார்ந்திருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். கூட்டம் ஆகா என்றது. பஞ்சம்மாள் அக்கா, "இப்பத்தேன் பொண்ணு மாதிரி இருக்கு" என்றாள். என்னால் பெனிட்டாவைப் பார்க்கவே முடியவில்லை. வேறு வீட்டுக்குத் தப்பாக வந்துவிட்ட விருந்தாளி மாதிரி நின்றாள். கையில் தாம்பாளம். அதில் கோணல் லேஸ் வைத்த அந்தத் திருப்பூர் உடுப்பு, ஏழு வருடத்தில் பதினைந்து தடவை தைத்து மாற்றியது.

சாமியார் மைக்கை அத்தையிடம் கொடுத்தார். அத்தை மாதாவைப் பார்த்து நின்றார். தெருவில் பொய் சொல்லலாம், குழாயடியில் சொல்லலாம், சம்பந்தம் பேச வந்தவர்களிடம் சொல்லலாம். அவர் பேர்கொண்ட மாதா கறுப்பு முக்காட்டோடு நேருக்கு நேராக நிற்கும்போது அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. கூட்டம் காத்திருந்தது. மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

அத்தை மகளைத் திரும்பிப் பார்த்தார். பச்சையைப் பார்த்தார்.

"நேர்ச்சைன்னு ஒண்ணும் இல்ல சாமி," என்றார். ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. "நாந்தேன் அன்னைக்குப் பொய் சொன்னேன். அவுக பொழச்சது டாக்டராலயும் மாதா தயவாலயும். எம் மக உடுப்பால இல்ல."

சாமியாருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. "அப்ப எதுக்கும்மா ஏழு வருசம்…" என்று இழுத்தார்.

"அவளுக்குக் கறுப்பு பிடிச்சிருக்கு சாமி. வேற ஒண்ணுமில்ல. பிடிச்சிருக்குன்னு சொல்ல அன்னைக்கு எனக்குத் தைரியம் வரல. இன்னைக்கு மாதா முன்னால வேற எதையும் சொல்ல வாய் வரல."

மைக்கை வைத்துவிட்டு, மகள் கையிலிருந்த தாம்பாளத்தைத் தானே வாங்கிக்கொண்டு, "வாத்தா, போய் மாத்திட்டு வா" என்று தட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே பிச்சைமணி அண்ணாச்சி கைதட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார். ஊரே திரும்பி முறைத்ததும் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

சாமியார் கொஞ்ச நேரம் மாதாவின் முக்காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மைக்கை எடுத்து, "சோறு ஆறுது. எல்லாரும் உக்காருங்க," என்றார். அந்த மனுஷனுக்கு நான் இன்றைக்கும் சட்டை தைத்தால் கூலி வாங்குவதில்லை.

பெனிட்டா கறுப்பில் வந்தாள். மையும் தீட்டியிருந்தாள். பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அமிர்தராஜ் மாமா இலையைத் துடைத்தபடி, "எனக்குத் தெரியாதாக்கும்? நாலு வயசுல திருவிழாவுல எல்லாப் பிள்ளையும் செவப்புப் பலூன் கேட்டுச்சு, இது என் கறுப்புக் குடையத்தேன் கேட்டு அழுதுச்சு," என்றார். ஏழு வருடமாக எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்த லட்சணம் இது.

எதிர்வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் விலகித்தான் உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் சபைத் தலைவி பதவியும் வேறு ஒருவருக்குப் போனது. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. வாளியோடு பரிமாற வந்த பஞ்சம்மாள் அக்கா, அவர் இலைக்கு முன்னால் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்ப நெசமாவே நேர்ச்சை இல்லையா? வேற எதும் வேண்டுதலா? இல்ல, யாரும் செத்துகித்துப் போனாகளா?"

"பிடிச்சிருக்குன்னு சொன்னேன்ல," என்றார் அத்தை. "நீ சாம்பார ஊத்து."